'பிக் அப்' என்ற இரண்டு சொற்களுக்கு நான் கட்டிய அறுபதாயிரம் ரூபாய்

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்துவந்த சிறிய நிறுவனத்துக்கு என்னால் 1,18,220 ரூபாய் நட்டம் ஏற்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு மின்னஞ்சலில் 'பிக் அப்' என்றிருந்ததை நான் தவறாகப் புரிந்துகொண்டதே காரணம். அந்தத் தொகையில் 60,000 ரூபாய், மாதம் ஐயாயிரமாக ஓர் ஆண்டு முழுவதும் என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அப்போது என் சம்பளம் 22,000 ரூபாய். ஊரில் அம்மாவிடமோ அண்ணனிடமோ இதைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. "இந்த வருடம் சம்பளம் கூட்டவில்லை" என்று பொய் சொல்லிக் குறைவாக அனுப்பினேன். அந்த வாரத்தில் என் பக்கத்து மேசையில் இருந்த யாராவது ஒருவர் ஒரே ஒரு நிமிடம் ஒதுக்கி எச்சரித்திருந்தால் போதும், இது நடந்திருக்காது. என்னைப் போலத் தமிழ்வழியில் படித்துவிட்டு, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு நாள் முழுவதும் ஆங்கிலத்தில் எழுதிப் பிழைக்கும் பலர் இந்த நகரத்தில் இருக்கிறார்கள் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி, பாளையங்கோட்டையில் பி.காம். முடித்துவிட்டு 2016-இல் பெங்களூரு வந்தேன். ஜாலஹள்ளியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். எங்கள் நிறுவனம் பித்தளை, அலுமினியத்தில் கடைந்த இயந்திர உதிரிகளைச் செய்து ஏற்றுமதி செய்தது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கை அனுப்பிவைக்கும் முகவரான ஃபார்வர்டருக்கான கடிதங்கள், வாடிக்கையாளர் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது ஆகியவை என் வேலைகள். இலக்கணப் பிழையில்லாமல் எழுதுவேன் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. காலம், எண், ஒருமை பன்மை என்று பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்த எல்லாமே எனக்குச் சரியாக வந்தன. ஆனால் 'பிக்', 'அப்' போன்ற சிறு சொற்கள் சேர்ந்து வந்தால் தனித்தனிப் பொருளை விட்டுவிட்டு முற்றிலும் வேறொன்றைக் குறிக்கும் என்பதை மட்டும் யாரும் எங்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை.

நடந்ததைப் புரிந்துகொள்ள, தொழில் விவரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சரக்கு வழக்கமாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போகும், விலை 'எஃப்.ஓ.பி. சென்னை' என்ற முறையில் பேசப்பட்டிருக்கும். அதாவது, கப்பலில் ஏற்றும்வரை செலவு எங்களுடையது. அதற்குப் பிறகான கடல் கட்டணம் வாங்குபவருடையது. இப்படி வாங்குபவர் அந்தப் பக்கத்தில் கட்டணம் செலுத்தும் முறைக்கு 'ஃபிரெய்ட் கலெக்ட்' என்றும், அனுப்புபவரே இங்கு முன்கூட்டிச் செலுத்துவதற்கு 'ஃபிரெய்ட் ப்ரீபெய்டு' என்றும் பெயர். என் மேசையில் 'ஃபிரெய்ட் கலெக்ட்' என்று பொறித்த ரப்பர் முத்திரை ஒன்று எப்போதும் இருக்கும். கைப்பிடியில் ஊதா மை படிந்து, 'கலெக்ட்' என்ற சொல்லின் கடைசி எழுத்து தேய்ந்துபோயிருந்த அந்த முத்திரையை இரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான முறை குத்தியிருப்பேன்.

அந்த செப்டம்பரில், முலாம் பூசித் தரும் வெளிப் பட்டறையில் தாமதமாகி எங்கள் சரக்கு மூன்று வாரம் பின்தங்கியது. பர்மிங்காமில் இருந்த வாடிக்கையாளர் நிறுவனம், அவசரமாகத் தேவைப்படும் 412 கிலோவை மட்டும் விமானத்தில் அனுப்பும்படி கேட்டது. ஒரு வியாழக்கிழமை பிற்பகல் வந்த அந்த மின்னஞ்சலின் கடைசி வரி, என் நினைவில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறது: "கிவன் தி டிலே, வீ அஸ்யூம் யூ வில் பிக் அப் தி ஃபிரெய்ட்." தாமதம் உங்களுடையது என்பதால் விமானக் கட்டணத்தை நீங்களே ஏற்பீர்கள் என்று கருதுகிறோம் என்பதே அதன் பொருள். நான் அதை அப்படிப் படிக்கவில்லை. 'ஃபிரெய்ட்' என்றால் சரக்கு என்றும் பொருள் உண்டு, கட்டணம் என்றும் பொருள் உண்டு. சரக்கை எடுத்துக்கொண்டு போக ஏற்பாடு செய்வீர்கள்தானே என்று கேட்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது. இருந்தாலும் ஒரு சிறு ஐயம் தோன்றியதால் கைப்பேசியில் இருந்த ஆங்கில அகராதியைத் திறந்து பார்த்தேன். முதல் இரண்டு பொருள்களில் ஒன்று 'கலெக்ட்' என்றிருந்தது. என் முத்திரையிலும் அதே சொல். பிக் அப் என்றால் கலெக்ட். நாமோ எப்போதும் ஃபிரெய்ட் கலெக்ட்தான் அனுப்புகிறோம். ஆகவே எல்லாம் வழக்கம்போல என்று மனம் அமைதியடைந்துவிட்டது. அகராதி சொன்னதும் உண்மை, முத்திரை சொன்னதும் உண்மை. ஆனால் 'ஃபிரெய்ட் கலெக்ட்' என்றால் எதிர்த்தரப்பு கட்டுவது. 'யூ பிக் அப் தி ஃபிரெய்ட்' என்றால் நாம் கட்டுவது. நேர் எதிரான இரண்டையும் ஒன்றென்று நம்பி, "யெஸ், வீ வில் பிக் அப் தி ஃபிரெய்ட்" என்று அவர்களுடைய சொற்களையே திருப்பி எழுதி அனுப்பினேன்.

இந்த இடத்திலேயே முதல் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பணத்தைக் காப்பாற்றும். பணம், தேதி, பொறுப்பு ஆகிய மூன்றில் எதைப் பற்றியதாக இருந்தாலும், எதிரில் இருப்பவர் பயன்படுத்திய வினைச்சொல்லையே திருப்பிப் பயன்படுத்திச் சம்மதம் சொல்லாதீர்கள். நாம் புரிந்துகொண்டதை வேறு சொற்களில், 'அப்' போன்ற ஒட்டுகள் சேராத எளிய வினைகளைக் கொண்டு எழுத வேண்டும். கட்டணம் பற்றிய பேச்சில் 'பே' என்பதற்கு இரண்டு பொருள் இல்லை. "விமானக் கட்டணத்தை நீங்கள் பர்மிங்காமில் செலுத்துவீர்கள், நாங்கள் சரக்கை விமான நிலையத்தில் ஒப்படைப்போம்" என்று நான் அன்று எழுதியிருந்தால், அரை மணி நேரத்தில் மறுப்பு வந்திருக்கும், நட்டம் அங்கேயே நின்றிருக்கும். அவர்களுடைய சொல்லையே நான் திருப்பியதால், என் பதில் முழுமையான ஒப்புதல் கடிதமாக ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை ஃபார்வர்டரின் வண்டி வந்து, நான்கு பேலட்டுகளையும் ஏற்றிக்கொண்டு தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போனது. ஃபார்வர்டர் தரப்பில் ஆவணங்களைக் கவனித்தவர் ஆம்பூரைச் சேர்ந்த பெரியவர். எல்லோரும் அவரை அண்ணா என்றே அழைப்போம். "ஏர்வே பில்லில் ப்ரீபெய்டா, கலெக்ட்டா?" என்று தொலைபேசியில் கேட்டார். விமானச் சரக்கோடு போகும் ஆவணம்தான் ஏர்வே பில். "கலெக்ட்தான் அண்ணா, எப்போதும்போல" என்றேன். சரக்கு போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த முகவர், கட்டணத்தைச் செலுத்தினால்தான் சரக்கை விடுவிப்போம் என்று சொல்ல, வாடிக்கையாளர் மறுத்துவிட்டார். அடுத்த வியாழக்கிழமை அவரிடமிருந்து சுருக்கமான மின்னஞ்சல் வந்தது. ஏதோ குழப்பம் நேர்ந்திருப்பதாகத் தெரிகிறது என்று எழுதிவிட்டு, மறுநாள் தான் ஊரில் இல்லை என்பதால் "லெட்ஸ் பிக் திஸ் அப் ஆன் மண்டே" என்று முடித்திருந்தார்.

அங்கேதான் இரண்டாவது முறையாக விழுந்தேன். திங்கட்கிழமை இந்தப் பேச்சைத் தொடர்வோம் என்பதுதான் அவர் சொன்னது. திங்கட்கிழமை வந்து சரக்கை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்வதாக நான் எடுத்துக்கொண்டேன். சரக்கு கிடங்கில் இருக்கிறது, அவர் பிக் அப் என்கிறார், வேறு என்னவாக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. முதலாளியிடம் போய், "திங்கட்கிழமை சரக்கை எடுத்துவிடுவார்கள் சார்" என்று உறுதியாகச் சொன்னேன். அண்ணாவிடமும் அப்படியே சொன்னேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அந்த விமான நிலையக் கிடங்கில் வாடகை ஏறிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மாலை வாடிக்கையாளரிடமிருந்து தொலைபேசி வந்தபோதுதான் எல்லாம் தெளிந்தது. அவர் கோபப்படவில்லை, நான் எழுதிய பதிலை எனக்கே பொறுமையாக வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்துவிட்டு, "ஐ டோன்ட் திங்க் யூ பிக்டு அப் ஆன் வாட் ஐ மென்ட்" என்றார். நான் சொல்லவந்த குறிப்பை நீங்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று பொருள். இரண்டு வாரத்துக்குள், ஒரே மனிதரிடமிருந்து, அதே இரண்டு சொற்கள் மூன்றாவது பொருளில். எனக்குக் கை நடுங்கியது. பதில் சொல்லாமல் முதலாளியிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று அழுதேன்.

கணக்கு இப்படி முடிந்தது. கிலோவுக்கு 235 ரூபாய் வீதம் 412 கிலோவுக்கு 96,820 ரூபாய் விமானக் கட்டணம். அங்கே கிடங்கு வாடகையும் ஆவணத்தைத் திருத்திய கட்டணமும் சேர்த்து 21,400 ரூபாய். இதில் இன்னொன்றையும் நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சரியாகப் புரிந்துகொண்டிருந்தாலும் விமானக் கட்டணத்தை எங்கள் நிறுவனம் ஏற்க நேர்ந்திருக்கலாம், ஏனென்றால் தாமதம் எங்களுடையதுதான். ஆனால் பாதியை ஏற்கிறோம் என்று பேரம் பேசும் வாய்ப்பாவது இருந்திருக்கும். என் "யெஸ்" அந்த வாய்ப்பை அடைத்துவிட்டது என்றுதான் முதலாளி வருந்தினார். அறுபதாயிரத்தை என் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னபோது நான் தலையசைத்துவிட்டேன். அப்போது நடப்பிலிருந்த 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டப்படி, ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்குச் சம்பளத்தில் பிடிப்பதற்கு முன் அவருக்கு விளக்கமளிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. யாருக்காவது இதுபோல நேர்ந்தால் உடனே தலையசைத்துவிடாமல், உங்கள் விளக்கத்தை எழுத்தில் கொடுங்கள்.

அதன்பின் சில மாதங்கள், இந்த ஒரு தொடரை மட்டும் துரத்தினேன் என்றே சொல்ல வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, எங்கே 'பிக் அப்' கண்ணில் பட்டாலும் முழு வாக்கியத்தோடு எழுதிவைத்தேன். தொடக்கத்தில் பொருள்களை எண் போட்டு மனப்பாடம் செய்யப் பார்த்தேன். பத்தைத் தாண்டியதும் எல்லாம் கலங்கிவிட்டது. பிறகுதான் ஒன்று புலப்பட்டது. பொருளைப் பெரும்பாலும் முடிவுசெய்வது அதற்குப் பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல். பக்கத்தில் தொலைபேசி இருந்தால் அழைப்பை ஏற்பது. குழந்தையோ விருந்தினரோ இருந்தால் போய் அழைத்துவருவது. பால், ரொட்டி இருந்தால் போகிற வழியில் வாங்கிவருவது. மொழியோ பழக்கமோ இருந்தால், வகுப்புக்குப் போகாமல் பார்த்தும் கேட்டும் கற்றுக்கொள்வது. நான் ஜாலஹள்ளி காய்கறிக் கடைகளில் கன்னடம் கற்றது அப்படித்தான். காய்ச்சலோ சளியோ இருந்தால் தொற்றிக்கொள்வது. பில், செலவு, கட்டணம் என்று பணம் சார்ந்த சொல் இருந்தால், ஐயமே வேண்டாம், அதைக் கட்டப்போகிறவர் அந்த வாக்கியத்தின் எழுவாய். எனக்கு வந்த வாக்கியத்தின் எழுவாய் 'யூ' என்றிருந்தது. அதை நான் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

பெயர்ச்சொல்லே பின்னால் வராமல் வாக்கியம் முடிந்தால் பொருள் வேறு திசைக்குப் போகிறது. "சேல்ஸ் பிக்டு அப்" என்றால் மந்தமாயிருந்த விற்பனை சூடுபிடித்தது. "தி விண்ட் பிக்டு அப்" என்றால் காற்று வலுத்தது. இங்கே நன்மை எதுவும் இல்லை, வேகம் கூடியது மட்டுமே. இதை நினைவில் வைக்க நமக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. "வண்டியில் பிக்கப் இல்லை" என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அந்தப் பிக்கப் இந்த வேகம் கூடுவதுதான். அதைச் செய்பவர் போலீஸாக இருந்தால் கதையே மாறும். செய்தித்தாளில் 'பிக்டு அப் பை தி போலீஸ்' என்று வந்தால் பிடித்துக்கொண்டுபோனார்கள் என்று பொருள். 'ஆன்' என்ற ஒட்டு கூடினால், மறைவாக இருந்ததைக் கவனித்துக் கண்டுகொள்வது. 'ஆன்' இல்லாமலும் சில இடங்களில் இந்தப் பொருள் வரும்: தர ஆய்வு அறிக்கையில் "இன்ஸ்பெக்ஷன் பிக்டு அப் எ கிராக்" என்று வந்தால் ஆய்வில் விரிசல் தெரியவந்தது என்று பொருள். எங்கள் தொழிலில் இது அடிக்கடி வரும்.

பெண்களுக்கும் ஆண்களுக்கும் சேர்த்தே ஒன்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளரிடம் "ஐ வில் பிக் யூ அப் அட் தி ஏர்போர்ட்" என்று எழுதுவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அறிமுகமில்லாத ஒருவரை 'பிக் அப்' செய்ததாக இடமோ காரணமோ குறிப்பிடாமல் எழுதினால், தகாத உறவுக்கு அழைத்துச் சென்றதாகவும் பொருள்படும். இடத்தையும் காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள். இன்னொரு சிறு இலக்கணக் குறிப்பு: 'இட்', 'திஸ்', 'யூ' போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும். "பிக் இட் அப்" சரி. "பிக் அப் இட்" பிழை. முழுப் பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம்.

இதற்காக ஆங்கிலத்தின் மீது எனக்கு ஏற்பட்ட கோபம், விடுதியில் என் அறையில் இருந்த ஒடியாப் பெண்ணுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தபோது தணிந்தது. அவளுக்கு 'எடு' என்ற சொல்லை நான் எளிதாகக் கற்பித்துவிட்டதாக நினைத்தேன். சில நாள் கழித்து அவள் என்னிடம் கேட்டாள்: போனை எடுப்பது, தீபாவளிக்குத் துணி எடுப்பது, பசி எடுப்பது, விடுப்பு எடுப்பது, கணக்கில் நூறு மதிப்பெண் எடுப்பது, முருகனுக்குக் காவடி எடுப்பது எல்லாம் ஒரே சொல்லா? தம்பி படம் எடுத்தான் என்கிறீர்கள், பாம்பு படம் எடுத்தது என்கிறீர்கள், பாம்பு எப்படிப் படம் எடுக்கும்? அன்றிரவு வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நாம் பாம்பையும் தம்பியையும் குழப்பிக்கொள்வதில்லை, ஏனென்றால் 'எடு' என்பதை நாம் தனியாகக் கற்கவே இல்லை. பாம்போடும் பசியோடும் சேர்த்தே கேட்டு வளர்ந்தோம். 'பிக் அப்' போன்ற ஆங்கிலத் தொடர்வினைகளையும் அப்படித்தான் முழு வாக்கியமாகச் சேர்த்துவைக்க வேண்டும் என்று அப்போது உறுதியாகத் தெரிந்தது. தமிழில் சரக்கை 'ஏற்றுவது' வேறு, செலவை 'ஏற்பது' வேறு என்று நமக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! நான் சறுக்கியது சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அகராதி பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைப்பேசித் திரையில் முதலில் தெரியும் இரண்டு பொருளோடு நிறுத்திவிடாதீர்கள். கற்பவர்களுக்கான ஆங்கில அகராதிகளில் தொடர்வினைகள் பெரும்பாலும் அந்த வினைச்சொல்லின் பதிவுக்குக் கடைசியில் தனியாகத் தரப்பட்டிருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும். விளக்கத்தைவிட அந்த எடுத்துக்காட்டுகளைப் படியுங்கள். உங்கள் மின்னஞ்சலில் உள்ள பெயர்ச்சொல்லைப் போன்ற ஒன்று எந்த எடுத்துக்காட்டில் இருக்கிறதோ, அதுதான் பெரும்பாலும் உங்களுக்கு வேண்டிய பொருள். அப்படியும் விளங்காவிட்டால் கேட்டுவிடுங்கள். ஆங்கிலம் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களே என்று கூசித்தான் நான் அன்று கேட்கவில்லை. ஆம்பூர் அண்ணா பிறகு என்னிடம், "ஏம்மா, முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இன்னைக்கும் யார் கட்டுறதுன்னு ரூபாயோட எழுதி வாங்கித்தான் வண்டிய அனுப்புறேன்" என்றார். அவர் பத்தாம் வகுப்புவரை படித்தவர்.

கடைசித் தவணை 2019 செப்டம்பர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அதே நிறுவனத்தில்தான் இப்போதும் இருக்கிறேன்; ஏற்றுமதிக் கடிதப் போக்குவரத்து முழுவதும் என் பொறுப்பில் இருக்கிறது. சென்ற ஆண்டு அதே பர்மிங்காம் வாடிக்கையாளர், தங்கள் பக்கத் திட்டம் மாறியதால் ஒரு சரக்கை அவசரமாக விமானத்தில் அனுப்பக் கேட்டிருந்தார். கடைசியில், "வீ வில் பிக் அப் தி ஃபிரெய்ட் திஸ் டைம்" என்று எழுதியிருந்தார். இம்முறை எழுவாய் 'வீ'. எனக்குப் பொருள் தெரிந்திருந்தும், விமானக் கட்டணத்தை நீங்கள் அங்கே செலுத்துவீர்கள், ஏர்வே பில்லில் 'கலெக்ட்' என்று பதிகிறோம், உத்தேசத் தொகை இவ்வளவு, உறுதி செய்யுங்கள் என்று எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் "யெஸ், தட் இஸ் கரெக்ட்" என்று பதில் வந்தது. அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்த பிறகுதான் மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரையை வெளியே எடுத்தேன்.